பானைக்குள் ஒரு பாடம்

சோழர் காலத்தில் ஓலையில் பெயர் எழுதிப் பானையில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை முதல் வருஷம் நானும் எல்லோரையும் போலத்தான் நடத்தினேன். கரும்பலகையில் ஐந்து பாயிண்ட். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள், மனப்பாடம் செய்தார்கள், முழு மார்க்கும் வாங்கினார்கள். விடைத்தாள் கொடுத்த அன்று, "சரி, ஓலையை எதுக்குடா பானையில போட்டாங்க?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுவருஷம் சந்தையில் ஒரு மண்பானை வாங்கினேன்.

இப்போது அந்தப் பாடத்தன்று ஆளுக்கொரு சீட்டு கொடுப்பேன். 'வயது 40, அரை வேலி நிலம், வேதம் படித்தவர்.' 'வயது 28, நெசவாளி.' 'வயது 50, விதவை.' எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டிய விதிகளை ஒவ்வொன்றாக வாசிப்பேன். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. வேத அறிவு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. பொருந்தாதவர்கள் உட்கார வேண்டும்.

'வேத அறிவு' என்றதும் பெண்கள் வரிசை மொத்தமும் உட்கார்ந்துவிடும். கடைசியில் நிற்பது நான்கைந்து பேர். அந்த ஊர்ச் சபை பிராமணர்களுடையது என்று நான் சொல்வதற்கு முன்பே, "அப்ப மத்த ஊர்க்காரங்க எங்க மிஸ்?" என்று கேள்வி வந்துவிடும்.

நிற்பவர்களின் பெயர் ஓலையில் ஏறிப் பானைக்குள் போகும். எடுக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குழந்தை வரும். "சின்னப் பையன்னா எழுத்து தெரியாது, ஏமாத்த முடியாது!" என்று பின்பெஞ்ச் கத்தும். முதல் வருஷம் யாரும் வாய் திறக்காத கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அடுத்த பீரியட் நம் ஊராட்சி. 21 வயதானால் போட்டியிடலாம், பாதி இடங்கள் பெண்களுக்கு. அப்போது எப்படியும் ஒருத்தி கேட்பாள்: "கணக்குக் காட்டணுமா மிஸ்?"

அதுதான் வீட்டுப்பாடம். அக்டோபர் 2 கிராம சபையில் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து, வாசிக்கும் வரவு செலவில் ஒரு வரியைக் குறித்து வர வேண்டும். போன வருஷம் ஒரு பெண் வெறும் நோட்டோடு வந்தாள். "கடகடன்னு வாசிச்சுட்டாங்க மிஸ். அம்மாவை நிறுத்திக் கேக்கச் சொன்னேன். அடுத்த தடவை சொல்றோம்னாங்க."

நவம்பர் 1, அடுத்த கிராம சபை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அதை அழிக்க வேண்டாம் என்று வகுப்புத் தலைவனிடமும் சொல்லிவைத்தேன்.