நுண்தனிமமும் நோயின் இனக்கணக்கும்

அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய் வெள்ளையரைக் காட்டிலும் கருப்பின ஆண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. அந்நோயால் அவர்கள் இறக்கும் வீதம் ஏறத்தாழ இருமடங்கு. ஆசிய வழியினரிடம் அது குறைவு. ஆனால் ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடையே, தாயகத்தில் இருந்ததைவிட நோய்வீதம் உயர்ந்துவிட்டதைச் சென்ற நூற்றாண்டின் ஆய்வுகளே காட்டின. மூதாதையர் அவர்களே, ஊரும் உணவும் நீரும்தான் வேறு. மரபுக்குப் பங்கில்லை என்று இதனால் ஆகிவிடாது. எட்டாம் குரோமோசோமின் ஒரு பகுதியிலுள்ள மரபு வேறுபாடுகள் ஆப்பிரிக்க வழியினரின் இடரைக் கூட்டுவது 2006ஆம் ஆண்டு முதலே அறியப்பட்டது. எஞ்சிய பங்கு எங்கே என்று தேடியவர்களின் பார்வை, உடலில் அணுவளவே தங்கும் செலீனியம், துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக் போன்ற நுண்தனிமங்கள் மீது விழுந்தது.

அதற்குப் புராஸ்டேட் சுரப்பியின் இயல்பே ஓர் ஏது. சிறுநீர்ப்பைக்கு அடியில் சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருக்கும் இது, உடலின் மென்திசுக்களுள் துத்தநாகத்தை மிகுதியாகச் சேர்த்து வைப்பது. பிற உயிரணுக்கள் சிட்ரேட்டை எரித்து ஆற்றல் பெறுகின்றன. இங்கோ, சிட்ரேட்டை மேற்கொண்டு மாற்ற வேண்டிய அகோனிடேசு என்னும் நொதியைத் துத்தநாகம் முடக்கிவிடுகிறது. எரியாத சிட்ரேட் தேங்கி விந்துநீரில் கலக்கிறது. புற்றாகத் திரியும் உயிரணு இந்தத் துத்தநாகத்தை இழந்துவிடுகிறது. அதை உள்ளே கொண்டுவரும் 'சிப்-1' என்னும் புரதம் குறைய, தடை நீங்கிச் சிட்ரேட் எரிகிறது. பெருக்கத்திற்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் காஸ்டெல்லோவும் பிராங்க்ளினும் பல்லாண்டு உழைத்து விளக்கிய செய்தி இது. கருப்பினத்தவரின் சுரப்பித் திசுவில் இப்புரதம் வெள்ளையரினும் குறைவு என்று 2003இல் ஓர் ஆய்வு கூறிற்று.

அப்படியானால் துத்தநாக வில்லைகளை விழுங்கினால் போதுமே என்று தோன்றும். அதே 2003இல் வெளியான மற்றோர் ஆய்வு, மருத்துவத் துறையைச் சேர்ந்த 46,974 அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்து நோக்கியது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகத்தை வில்லையாக உட்கொண்டவர்களிடம் முற்றிய புற்றுநோயின் இடர் 2.29 மடங்காக இருந்தது. களஞ்சியத்தின் கதவு திறக்காதபோது வாசலில் நெல்மூட்டைகளை அடுக்கிப் பயனில்லை.

செலீனியத்தின் கதை இதனினும் நீளமானது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மண்ணில் செலீனியம் குறைந்த வட்டாரங்களில், தோற்புற்று வந்து நீங்கிய 1,312 பேருக்கு லாரி கிளார்க்கும் உடனாய்வாளரும் நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலீனியமோ வெற்று வில்லையோ கொடுத்தனர். தோற்புற்று குறையவில்லை. எதிர்பாராத இடத்தில் பலன் தெரிந்தது: செலீனியம் பெற்றவரிடையே புராஸ்டேட் புற்றுநோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. 1996இல் இது வெளியானதும் மருந்துக்கடைகளில் செலீனியத்திற்குப் புது மதிப்பு வந்தது. பின்னர் நிகழ்ந்த மறுபகுப்பாய்வு சொன்னதைப் பலர் காதில் வாங்கவில்லை: அந்தப் பலன், தொடக்கத்திலேயே குருதியில் செலீனியம் குறைந்திருந்தவர்களுக்கு மட்டுமே வாய்த்தது.

2001இல் 'செலக்ட்' என்னும் பேராய்வு தொடங்கியது. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் 35,533 ஆண்கள் சேர்ந்தனர். கருப்பினத்தவர்க்கு நோய் முன்னதாகவே வருவதால் அவர்களை 50 அகவையிலிருந்தும், பிறரை 55இலிருந்தும் ஏற்றனர். செலீனியம், உயிர்ச்சத்து ஈ, இரண்டும், வெற்று வில்லை என நான்கு பிரிவுகள். பயன் எதுவும் தென்படாததால் 2008 அக்டோபரில் வில்லைகள் நிறுத்தப்பட்டன. 2011இல் வந்த தொடர்முடிவு இன்னும் கசப்பு: உயிர்ச்சத்து ஈ மட்டும் உட்கொண்டோரிடம் நோய் 17 விழுக்காடு கூடியிருந்தது.

கிளார்க்கின் ஆய்வில் காத்த பொருள் இங்கே ஏன் கைவிட்டது? விடையைக் கால்நகத்தில் தேடினர். குருதி அண்மை நாட்களின் உணவைச் சொல்லும். பையப் பைய வளரும் நகமோ பல திங்களின் இருப்பைச் சேர்த்துக் காட்டும். நறுக்கிய நகத்தை அணு உலையில் சில நொடிகள் வைத்து நொதுமிகளால் (நியூட்ரான்களால்) தாக்குவார்கள். செலீனிய அணுக்களில் சில நொதுமியை ஏற்றுக் கிளர்ச்சியுறும்; அந்நிலையின் அரைவாழ்வு 17 நொடி அளவே. அதற்குள் அவை வெளிவிடும் காமாக் கதிரை எண்ணி, நகத்தில் இருந்த செலீனியம் எவ்வளவு என்று கணிப்பார்கள். நொடிக்கணக்கில் முடியும் அளவீட்டில் ஒருவரின் ஓராண்டு உணவு ஏறத்தாழ வெளிப்பட்டுவிடுகிறது. ஆய்வில் சேர்ந்தபோது எடுத்து வைத்த நகங்களை இவ்வாறு அளந்து, சியாட்டிலைச் சேர்ந்த ஆலன் கிரிஸ்டலின் குழு 2014இல் முடிவை வெளியிட்டது. செலீனியம் ஏற்கெனவே மிகுந்திருந்தவர்களிடம், வில்லை தீவிரவகைப் புற்றின் இடரை 91 விழுக்காடு உயர்த்தியது. குறைந்திருந்தவர்களுக்கும் நன்மை விளையவில்லை.

இனக்குழு என்னும் கணக்கில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஹவாயிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஐந்து இனக்குழுக்களைச் சேர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடரும் பல்லினத் தொடராய்வில், குருதிச் செலீனியத்திற்கும் இந்நோய்க்கும் பொதுவில் தொடர்பு காணப்படவில்லை. கருப்பினத்தவரிடம் மட்டும், செலீனியம் மிகுந்தவர்க்கு நோய் குறைவாக இருந்தது. இதை இனத்தின் தன்மை என்று உடனே பெயரிடுவது அவசரம். ஒரே தனிமம், இருப்பின் அளவைப் பொறுத்து வேறு வேறு முகம் காட்டுவதைச் செலக்ட் காட்டியிருக்கிறது.

நீர்வழி வரும் ஆர்சனிக்கிற்கு அமெரிக்கத் தொல்குடியினரிடையே நிகழ்ந்த ஆய்வு நல்ல சான்று. அரிசோனா, ஓக்லஹோமா, வட, தென் டகோட்டா மாநிலங்களில் 1989 முதல் 1991 வரை 45 முதல் 74 அகவையுள்ள 3,932 பேரின் சிறுநீரில் ஆர்சனிக் அளக்கப்பட்டது. பின் இறப்புகளைக் கணக்கிட்டபோது, மிகுதியாக இருந்தவர்கள் புராஸ்டேட் புற்றால் இறக்கும் இடர், குறைவாக இருந்தவர்களைவிட மும்மடங்குக்கு மேல். இனக்குழுவின் சராசரிக்குள் இவ்வேறுபாடு மறைந்திருந்தது. கிணற்று நீர்தான் அதை வகுத்தது. இறந்தவர் எண்ணிக்கை சிறிது என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் நுரையீரல், தோல், சிறுநீர்ப்பைப் புற்றுகளுக்கே ஆர்சனிக்கை உறுதியான ஏதுவாக ஏற்கிறது. இச்சுரப்பிக்கான சான்றை வரம்புடையது என்கிறது.

காட்மியத்தின் நிலையும் அதுவே. 1965இல் பிரித்தானிய மின்கலத் தொழிற்சாலை ஒன்றில் பத்தாண்டுக்கு மேல் காட்மியத் தூசில் உழைத்து இறந்த எட்டுப் பேரில் மூவரைக் கொன்றது இந்நோய் என்ற செய்தி அச்சம் ஊட்டியது. பின்வந்த பெரிய ஆய்வுகள் அந்த அளவுக்கு இணைப்பைக் காட்டவில்லை.

இறப்புக் கணக்கில் தனிமத்திற்கு முன்பே வந்து நிற்பது மருத்துவம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவ அமைப்பில், இரு இனத்தவர்க்கும் ஒத்த சிகிச்சை வாய்ப்பு உள்ள இடத்தில், நோய் கண்ட கருப்பினத்தவர் அதனால் இறக்கும் வீதம் வெள்ளையரினும் கூடியிருக்கவில்லை என்று 2019இல் வெளியான பகுப்பாய்வு தெரிவித்தது. இதை ஒதுக்கிவிட்டு இனவேறுபாட்டுக்கு ஒரு தனிமத்தைக் குற்றவாளியாக்குவது ஆய்வுக்கு அழகன்று.

வயது வந்த ஒருவர்க்கு நாளொன்றுக்குத் தேவையான செலீனியம் அமெரிக்கப் பரிந்துரைப்படி 55 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வகுத்த மேல்வரம்பு 255. செலக்ட் ஆய்வில் கொடுத்த வில்லை 200; அதன்மேல் அன்றாட உணவில் வருவதும் சேரும். புராஸ்டேட்டைக் காக்கும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்க எண்ணுவோர், குப்பியின் மேலுள்ள அளவை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.