பரணில் பழைய கவர் இருக்கா? ஸ்டாம்பைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலை இன்றைக்கும் பலர் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறார்கள். ரயிலுக்கு எதுக்குங்க ‘போட்’? இந்தக் கேள்விக்கான பதில் ஒருவேளை உங்கள் தாத்தாவின் டிரங்க் பெட்டியில், பழுப்பேறிப்போன ஒரு கவருக்குள் இருக்கலாம்.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கே பயணிகள் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறுவார்கள். சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் வைத்த கப்பல்கள் அந்தப் பாதையில் ஓடின. பயணிகளோடு தபால் மூட்டைகளும் கப்பல் ஏறின. ‘போட்’ வந்தது அப்படித்தான்; ‘மெயில்’ என்பது அந்தத் தபால் மூட்டை.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. ரயில் நிலையம், தேவாலயம், தபால் நிலையம் எல்லாம் இடிந்தன. இன்று அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் அந்த இடிபாடுகளின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த ஊரில் போட்ட கடிதங்கள் அழியவில்லை. அவை ஏற்கெனவே வேறு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மதுரையிலோ கொழும்பிலோ ஏதோ ஒரு வீட்டில், ‘தனுஷ்கோடி’ என்ற பெயரும் தேதியும் பதிந்த வட்ட முத்திரையோடு ஒரு கவர் இப்போதும் கிடக்கலாம். சிக்கல் என்னவென்றால், அது கையில் கிடைத்ததும் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், ஸ்டாம்பை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு கவரைத் தூக்கிப் போடுவது.

ஸ்டாம்ப் போதாதா, கவர் எதுக்கு?

பள்ளிக்கூட நாட்களில் கவரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்பைப் பிரித்து, ஆல்பத்தில் ஒட்டியிருப்போம். புதிய ஸ்டாம்புகளுக்கு அது சரி. பிரிட்டிஷ் காலக் கடிதங்களுக்கு அது பெரிய நஷ்டம்.

இந்தியா முழுமைக்குமான முதல் தபால் தலைகள் 1854-இல் வந்தன. கால் அணா போஸ்ட் கார்டு 1879-இல் வந்தது. அதன் பிறகு சாதாரண மக்கள் கடிதம் போடுவது வேகமாகப் பரவியது. அரை அணா, ஒரு அணா ஸ்டாம்புகளைக் கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள். அதனால்தான் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட சாதாரண ஸ்டாம்புகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

கிழித்து எடுத்த ஸ்டாம்ப் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எந்த அரசு அச்சடித்தது என்பது. முழுக் கவர் சொல்வது வேறு. யார் எழுதினார், எந்த ஊரில் போட்டார், எந்த வழியாகப் போனது, எத்தனை நாள் ஆனது, எவ்வளவு கட்டணம் என்று எல்லாமே அதில் இருக்கும். சேகரிப்பாளர்கள் ‘கவர்’ என்று சொல்வது, ஸ்டாம்பு, முத்திரை, முகவரியோடு தபாலில் போய் வந்த முழு உறையைத்தான். இப்படிக் கடிதம் போன பாதையை ஆராய்வதற்கு ‘தபால் வரலாறு’ என்று தனிப் பெயரே உண்டு.

ஸ்டாம்பு அச்சிட்டே வரும் போஸ்ட் கார்டு, உறை, பதிவுத் தபால் உறை ஆகியவற்றுக்கும் இதே கதைதான். அச்சிட்ட ஸ்டாம்பை மட்டும் கத்தரித்தால், மிஞ்சுவது ஒரு காகிதத் துண்டு.

ஒரு கவரை எப்படிப் படிக்கிறது?

முதலில் முன்பக்கம். ஸ்டாம்பின் மேல் விழுந்த முத்திரை பெரும்பாலும் கடிதம் புறப்பட்ட ஊரைச் சொல்லும். ஊர்ப் பெயர்கள் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். ராமநாதபுரம் என்றால் ‘ராம்நாட்’. பாம்பன் என்றால் ‘பாம்பென்’. தூத்துக்குடி ‘டுட்டிகோரின்’. நாகப்பட்டினம் ‘நெகபட்டாம்’. இன்னும் பழைய கடிதங்களில் ஸ்டாம்பின் மேல் ஊர்ப் பெயருக்குப் பதில் வெறும் எண் இருக்கலாம். ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் ஓர் எண் கொடுத்திருந்த காலம் அது. எந்த எண் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதே தனி ஆராய்ச்சி. ஜால் கூப்பர் போன்றவர்கள் இந்தியாவின் ஆரம்ப கால முத்திரைகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது பின்பக்கம். பலர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுவாரஸ்யம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடிதம் வழியில் எங்கே கை மாறியது, எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று பின்பக்க முத்திரைகள் சொல்லும். ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரித்த ஆர்.எம்.எஸ். ஊழியர்களின் முத்திரையும் இருக்கலாம். அதில் ஊர்ப் பெயர் இல்லாமல் ஓர் எழுத்து, ஓர் எண், கூடவே ‘செட்’, ‘இன்’, ‘அவுட்’ என்று இருந்தால் அது ரயிலில் குத்தியது என்று புரிந்துகொள்ளலாம்.

இலங்கைத் தபாலுக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. 1914-க்கு முன்னால் சென்னை–கொழும்பு வழி பெரும்பாலும் தூத்துக்குடி. 1876-இல் அங்கே ரயில் வந்தது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-க்குப் பிறகு தனுஷ்கோடி வழி. ஆகவே முத்திரையில் எந்தத் துறைமுகம் இருக்கிறது என்று பார்த்தாலே கடிதத்தின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தனுஷ்கோடி வழியாகப் போன எல்லாக் கடிதத்திலும் தனுஷ்கோடி முத்திரை இருக்காது. மூட்டையை சென்னையிலேயே கட்டி சீல் வைத்துவிட்டால், வழியில் யாரும் பிரிக்க மாட்டார்கள். தனுஷ்கோடி முத்திரை இருந்தால், அந்தக் கடிதம் அந்த ஊரில் போடப்பட்டது அல்லது அங்கே உள்ள ஒருவர் அதைக் கையில் எடுத்தார் என்று பொருள்.

‘ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்’ என்றால் ராமநாதபுரம் மட்டும் இல்லை

பழைய கவர்களில் ‘ராம்நாட் டிஸ்ட்ரிக்ட், சவுத் இந்தியா’ என்று முகவரி இருந்தால், இன்றைய மாவட்டத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். 1910-இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, விருதுநகர், ராஜபாளையம் எல்லாமே சேர்த்தி. 1985-இல்தான் மூன்றாகப் பிரிந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் ஓர் உண்மை விளங்கும். ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய நகரத்தார், ஊருக்கு எழுதிய கடிதங்கள் இந்த மாவட்ட முகவரிக்குத்தான் வந்து குவிந்தன. ‘செட்டியார் கவர்’ என்று சொன்னால் மலாயா, இந்தோசீனா தபால் வரலாறு சேகரிக்கும் வெளிநாட்டவருக்குக்கூடப் புரியும். தென்கிழக்கு ஆசியாவின் சின்னச் சின்ன ஊர்த் தபால் முத்திரைகள் பலவும் இன்று கிடைப்பது, செட்டிநாட்டு வீடுகளில் கணக்குக் கட்டுகளோடு கட்டி வைத்திருந்த கடிதங்களால்தான்.

இதில் பர்மா கடிதங்களைக் கவனியுங்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. அங்கேயும் இந்திய ஸ்டாம்புதான் ஒட்டினார்கள். அந்தக் கடிதத்தின் ஸ்டாம்பில் ‘பர்மா’ என்ற சொல்லே இருக்காது. முத்திரை மட்டும்தான் ‘ரங்கூன்’ என்று சொல்லும். முத்திரை பாதியிலேயே போகும்படி ஸ்டாம்பைக் கிழித்துவிட்டால், அது பர்மாவில் ஒட்டியதா பரமக்குடியில் ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கையில் விழுந்தன. வழக்கமான தபால் நின்றுபோனது. அதற்குச் சற்று முந்தைய மாதங்களின் கவர்களில் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து ஒட்டிய காகிதப் பட்டையைப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டில் 1941 இறுதியோடு கடிதங்கள் சட்டென்று நின்றிருந்தால், அந்த வெற்றிடமும் வரலாறுதான்.

மண்டபம் கேம்ப்: முகவரியில் ஒட்டிக்கொண்ட வரலாறு

மண்டபத்தில் ‘மண்டபம் கேம்ப்’ என்று தனித் தபால் நிலையம் இருக்கிறது. பின்கோடு 623520. என்ன கேம்ப் அது? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை, கப்பல் ஏற்றும் முன் தங்கவைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து அனுப்பிய முகாம். பின்னாளில் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1980-களில் இலங்கை அகதிகள் வந்தார்கள். முகாமின் வேலை மாறிக்கொண்டே வந்தது. தபால் முகவரியில் பெயர் மட்டும் மாறவில்லை.

வணிகர்களின் கடிதங்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. லயன் அறையில் வாழ்ந்த தொழிலாளிக்குப் பெட்டி ஏது? தோட்டத்திலிருந்து ராமநாதபுரம் பக்கத்து கிராமத்துக்கு யாரையோ எழுதச் சொல்லிப் போட்ட கார்டு, இன்று கிடைப்பது அரிது. இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகு, குடியுரிமை வேண்டுமென்றால் பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்ததை நிரூபியுங்கள் என்று இதே மக்களிடம்தான் கேட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தப் பின்னணியில் யோசித்துப் பாருங்கள்: தோட்டத்தின் பெயர், ஆளின் பெயர், தேதி மூன்றும் பதிந்த ஒரு போஸ்ட் கார்டு. ஏலத்தில் அது பெரிய விலைக்குப் போகாது. ஒரு குடும்பத்துக்கோ ஓர் ஆய்வாளருக்கோ அதன் மதிப்பு வேறு.

சரி, எவ்ளோ போகும்?

எல்லோரும் கேட்கிற கேள்வி. நேர்மையான பதில்: பெரும்பாலான கவர்கள் உங்களைப் பணக்காரர் ஆக்காது. விலையைத் தீர்மானிப்பது ஸ்டாம்பின் வயது மட்டும் இல்லை. முத்திரை தெளிவாக இருக்கிறதா, ஊர் அரிதானதா, பாதை வழக்கத்துக்கு மாறானதா, உறை கிழியாமல் இருக்கிறதா என்று பல விஷயங்கள் சேர வேண்டும்.

விலை இருக்கும் இடத்தில் போலியும் உண்டு. பழைய வெற்றுக் கவரில் அரிதான ஊரின் முத்திரையைப் போலியாகக் குத்தி விற்பது புதிதல்ல. வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்:

- முத்திரை பாதி ஸ்டாம்பிலும் பாதி உறையிலும் தொடர்ச்சியாக விழுந்திருக்கிறதா?
- ஸ்டாம்பும் தேதியும் பொருந்துகின்றனவா? ஆறாம் ஜார்ஜ் ஸ்டாம்புகள் இந்தியாவில் 1937-இல்தான் வந்தன. அவர் தலை போட்ட கவரில் 1930 என்று முத்திரை இருந்தால், ஓடிவிடுங்கள்.
- முன்பக்கத் தேதியும் பின்பக்கத் தேதியும் அந்தக் கால ரயில், கப்பல் வேகத்துக்கு ஒத்துப்போகின்றனவா?

வீட்ல இருந்தா என்ன பண்ணலாம்?

- ஸ்டாம்பைப் பிரிக்காதீர்கள். உள்ளே கடிதம் இருந்தால் அதையும் கவரையும் பிரிக்காதீர்கள்.
- செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். துருப்பிடித்த பின், கிளிப் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள்.
- கடலோர ஈரக்காற்று காகிதத்துக்கு எதிரி. மலிவான பி.வி.சி. உறைகளும் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத காகிதத்திலோ பாலியஸ்டர் உறையிலோ வைத்து, தரையில் படாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.
- இரண்டு பக்கமும் போட்டோ அல்லது ஸ்கேன் எடுங்கள். யார் யாருக்கு எழுதியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித் தாளில் குறித்து வையுங்கள். கவர் மேல் எழுத வேண்டாம்.
- சமூக ஊடகத்தில் போடும் முன் உள்ளே இருப்பதைப் படியுங்கள். கடன், சண்டை, சொத்து விவகாரம் எல்லாம் இருக்கலாம்.

விவரம் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1956 முதல் தென்னிந்திய தபால் தலை சேகரிப்போர் சங்கம் இயங்குகிறது. அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தில் தபால் தலை சேகரிப்போருக்கான தனிப் பிரிவு உண்டு. பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய இந்தியா ஸ்டடி சர்க்கிள் என்ற அமைப்பும் இதே துறையில் ஆய்வுகளை வெளியிடுகிறது.

வெளிநாட்டு இணைய ஏலத்தில் விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டுகளுக்குக் குறையாத கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் தொல்பொருளாகக் கருதப்படும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லை. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். ஏதாவது கட்டு கிடைத்தால், ஸ்டாம்பைப் பார்க்கும் முன் கவரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அது யார் கையெழுத்து என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இருந்தால், முதலில் அவரிடம் காட்டுங்கள்.