சில நொடி மங்கிய நட்சத்திரம்

ஒடுகத்தூர்ல இருந்து பார்த்தா தெரியுற ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்ததை அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியில் கவனித்தார்கள். கோள் மறைக்காத நேரத்திலும் நட்சத்திர ஒளி சில நொடி குறைந்தது. இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலும், கோளின் இரு பக்கமும் இதேபோல் மங்கல்கள் பதிவாகின. காரணம், யுரேனஸைச் சுற்றும் வளையங்கள்! படத்தில் சிக்காததை ஒளியின் அளவு காட்டிக்கொடுத்தது.

விமானம் காற்றின் பெரும்பகுதிக்கு மேலே போயிடுச்சு. காவலூரோ காற்றுக்கு அடியில். கீழே இருக்கிற ஊர்களின் விளக்கொளியைக் காற்றும் தூசியும் சிதறடித்து வானத்தை வெளுக்க வைக்கும். அந்த வெளுப்பில் இப்படிப்பட்ட சின்ன மங்கல் தொலைஞ்சே போகலாம். தெருவிளக்குக்கு மேல்மூடி போட்டாலே பாதி உதவிதான்.