உடுத்த அரைமணி, ஓட முக்கால்மணி

பனி தேசத்தில் பிள்ளைகளோடு – 5

சென்ற வாரம் ஹெல்சிங்கியில் இரவு ரயில் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். விடிகிற நேரத்துக்கு அது ரொவானியெமியில் இறக்கிவிடும். பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துக்கு இதுதான் தலைநகர். ஊர் மையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் வடக்கே போனால் ஆர்க்டிக் வட்டம். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை இந்த ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. போர் முடிந்த பிறகு கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ, பனிமானின் கொம்பு வடிவத்தில் தெருக்களை வகுத்து ஊரை மறுபடி எழுப்பத் திட்டம் போட்டுக் கொடுத்தார். இதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்க்கப் பெரியவர்களால் முடியும். மூன்று வயதில் ஒருத்தி, ஒன்றரை வயதில் ஒருவன் என்று இரண்டு பேரைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், ஊர் பார்ப்பதற்கு முன்னால் வாசற்கதவைத் தாண்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பெரியவளை ஒன்றுக்குப் போகவைத்து, சின்னவனுக்கு டயப்பர் மாற்றிவிட வேண்டும். எல்லாம் மாட்டி ஜிப் இழுத்த பிறகு "அம்மா, ஒண்ணுக்கு" என்றால் மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டியதுதான். அடுத்து அப்பாவும் அம்மாவும் உடுத்தி முடிக்க வேண்டும். பிறகு பெரியவள். கடைசியில்தான் சின்னவன். வீட்டுக்குள்ளே 22 டிகிரி வெதுவெதுப்பு இருக்கும். முழுப் பனியுடையோடு அந்தச் சூட்டில் ஐந்து நிமிடம் நின்றாலே குழந்தைக்கு முதுகு வியர்த்துவிடும். வியர்வையோடு மைனஸ் 15-க்குள் காலெடுத்து வைத்தால், ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பனிநாட்டில் பிள்ளைகளுக்கு முதல் எதிரி ஈரம். குளிர் அதற்கு அடுத்துத்தான்.

உடைகளையும் அந்த எண்ணத்தோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் குழந்தைக்குப் பருத்தியைவிட நல்ல துணி கிடையாது. அங்கே உடம்பை ஒட்டிப் பருத்தியைப் போடவே கூடாது. வியர்வையை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி. அதன் மேல் ஃப்ளீஸோ தடித்த கம்பளியோ ஒன்று. அதற்கு மேல், கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைத்த பனியுடை. ஹாலரி என்கிறார்கள். அதன் காலடியில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதை பூட்ஸுக்கு அடியில் கொடுத்து மாட்டிவிட்டால் பனி உள்ளே ஏறாது. கையுறையில் ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை வேண்டாம். கட்டைவிரலுக்கு மட்டும் தனியறை போதும். நான்கு விரலும் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். காலைக் கவ்விப் பிடிக்கிற காலணிக்குள் எத்தனை கம்பளிக் காலுறை போட்டாலும் விரல் விறைக்கும். விரல்கள் அசைய இடமும் அந்த இடத்தில் காற்றும் வேண்டும்.

இதற்கெல்லாம் சென்னையிலேயே பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளாடைகளையும் குல்லாவையும் மட்டும் இங்கிருந்து கொண்டுபோனால் போதும். பின்லாந்தில் கிர்ப்புதோரி என்ற பழம்பொருள் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. பிள்ளைகள் மளமளவென்று வளர்வதால், ஒரு பனிக்காலம் மட்டும் போட்ட நல்ல ஹாலரிகள் அங்கே வரிசையாகத் தொங்கும். அந்த ஊர்த் தாய்மார்களே அங்கேதான் வாங்குகிறார்கள், அங்கேயே விற்கிறார்கள்.

உடுத்த இவ்வளவு நேரமா என்று மலைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அரைமணி ஆகும் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டால் அலுப்பு வராது. வெளியே அவர்கள் முக்கால் மணி ஓடினால் அந்த வேளைக்கு அது நிறைவு. காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் சாப்பாடு, தூக்கம், ஜன்னலோரம். இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாமல் காலை ஒன்பது மணிக்கு நாய் வண்டி, பதினொன்றுக்குப் பனிமான் பண்ணை, மூன்றுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா என்று சீட்டு எடுத்து வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். பணம் போவது பெரிதல்ல. பசியும் தூக்கமும் முட்டும் வேளையில் பிள்ளையை வண்டியில் கட்டி உட்காரவைக்க நேரும்.

உட்காரவைப்பது பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் குழந்தைகளை பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் வைத்துக் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். புல்க்கா என்று பெயர். பார்க்க ஆசையாக இருக்கும். இழுக்கிற அப்பாவுக்கு நாலு எட்டில் சூடேறி, கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தோன்றும். பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதே நேரத்தில் உடம்பு ஆறிக்கொண்டே வரும். அப்பா தனக்குத் தெரிகிற சூட்டை வைத்துப் பிள்ளைக்கும் சூடாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவார். தள்ளுவண்டியிலும் இதே கதைதான். எடைக்கு எடை பார்த்தால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். அதனால் சூடு வேகமாக இறங்கும். "குளிருது" என்று சொல்ல ஒன்றரை வயதுக்குத் தெரியாது. ஆகவே கால்மணிக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி, பிள்ளையின் பிடரியில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பிடரி வெதுவெதுப்பாக, காய்ந்திருந்தால் சரி. ஈரமாக இருந்தால் உடை அதிகம். சில்லென்று இருந்தால் உடனே வண்டியிலிருந்து இறக்கி நடக்கவிடுங்கள், அல்லது வீட்டுக்குத் திரும்புங்கள். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; உடம்பு நல்ல சூட்டில் இருக்கும்போதும் பிள்ளையின் கை சில்லிட்டிருக்கலாம். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெளிறிய திட்டு தெரிந்தால் உள்ளங்கையை வைத்துப் பொத்திச் சூடேற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது.

ஊர்க்காரர்கள் தம் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் இல்லை. பின்லாந்து அரசு, பிள்ளை பெறும் தாய்க்கு ஒரு பெட்டி கொடுக்கிறது. 1938-இல் ஏழைத் தாய்மாருக்கென்று தொடங்கி, 1949-இலிருந்து எல்லாருக்கும் கிடைக்கிறது. அதற்குள் குழந்தைக்கான பனியுடையும் உண்டு. அதாவது, பிறக்கும்போதே வெளியே போகத் தயாராக இரு என்று அரசாங்கமே சொல்கிறது. பிள்ளைகள் பராமரிப்பகங்களில் நாள்தோறும் வெளியே விளையாடுகிறார்கள். மைனஸ் 15-ஐ ஒட்டிக் குளிர் இறங்கும்போதுதான் சின்னஞ்சிறுசுகளுக்கு நேரத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியோடு முற்றத்தில் தூங்கவைக்கும் வழக்கமும் உண்டு. ஊலு பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளியே தூங்கும் பிள்ளை ஒன்றரை முதல் மூன்று மணி நேரம்வரை தூங்குகிறது, வீட்டுக்குள்ளே ஒன்று முதல் இரண்டு மணி நேரம்தான் என்று பெற்றோர் சொல்லியிருந்தார்கள். தூங்கவைக்க மைனஸ் 5 தோதான குளிர் என்பதும் அவர்கள் சொன்னதே. அந்தக் கைப்பழக்கம் தலைமுறைகளாக வந்தது. ஒரு வாரத்துக்குப் போகிற நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் குளிர் என்றாலே பிள்ளையைக் கதவுக்குள் பூட்டிவைக்க வேண்டியதில்லை என்ற துணிவை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் துணிவு ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு வருவது கடினம். அம்மா வீடியோவில் பேரனைப் பார்த்ததும் கேட்பாள்: "ஏம்மா, காதுல பஞ்சு வெச்சியா? தலைக்குக் குல்லா எங்க? பச்சப்புள்ளைக்குச் சளி பிடிச்சுக்கப் போகுது!"

"குரங்குக் குல்லாதாம்மா போட்டிருக்கான். காதெல்லாம் மூடியிருக்கு."

"அப்ப சரி. மூக்கு ஒழுகினா உடனே உள்ள தூக்கிட்டு வா."

அம்மா சொல்வது பாதி சரி. சளி வைரஸால் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் விமானத்திலும் நெரிசலிலும்தான் ஒட்டிக்கொள்ளும். குளிரில் மூக்கு ஒழுகுவது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் காதை மூடு என்று அவள் சொன்னது நூற்றுக்கு நூறு. ஊட்டிப் பயணத்துக்கு நாம் எடுத்துவைக்கிற குரங்குக் குல்லாவைத்தான், மெரினோவில் பின்னி, அந்த ஊர்ப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்கள்.

கடைக்குள்ளோ பேருந்துக்குள்ளோ நுழைந்ததும் குல்லாவையும் கையுறையையும் கழற்றி, ஹாலரியின் ஜிப்பை இறக்கிவிட வேண்டும். காரில் போனால் ஹாலரியையே கழற்றிவிட்டு இருக்கையில் கட்டுங்கள். தடித்த உடைமேல் கட்டிய வார், மோதலின்போது உடை அமுங்கித் தளர்ந்துவிடும். மேலே ஒரு போர்வை போதும். இருட்டில் நடப்பவர் ஒளியைத் திருப்பி அடிக்கும் வில்லை அணிய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். மூன்று மணிக்கே இருட்டுகிற ஊரில் பிள்ளைகளின் உடையில் இரண்டு பக்கமும் அதைத் தொங்கவிடுவதை யாரும் மறப்பதில்லை.

தங்குவதற்கு ஓட்டல் அறையைவிடச் சமையலறை உள்ள வீட்டைத்தான் நான் சொல்வேன். லாப்லாந்தில் பல வாடகை வீடுகளில், நனைந்த உடைகளைத் தொங்கவிட்டுச் சூடான காற்றில் உலர்த்தும் அலமாரி இருக்கும். ஈர ஹாலரி இரண்டு மணி நேரத்தில் மறுபடி போடத் தயாராகிவிடும். ரசப்பொடியும் பருப்புப் பொடியும் கொண்டுபோகலாம். நெய்யும் பால்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம் பெட்டியில் போகக் கூடாது. குழந்தைக்கான பால் மாவுக்கு மட்டும், பிரிக்காத டப்பாவாக, ஆளுக்கு இரண்டு கிலோவரை விலக்கு உண்டு.

இனி, என்ன பார்ப்பது. கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே இருக்கிறது. 1950-இல் எலினோர் ரூஸ்வெல்ட் வந்தபோது கட்டிய மரக்குடிலில் தொடங்கிய இடம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஒன்றரை வயதுக்கு அந்த வெண்தாடி அச்சமூட்டலாம். அழுதால் படத்தை விட்டுவிடுங்கள். நாய் வண்டிகளில் புறப்படும் முன் நாய்கள் போடும் கூச்சல் பெரியவர்களையே அதிரவைக்கும். பனிமான் வண்டி அமைதியாகப் போகும். இந்த வயதுக்கு அதுவே தோது. குளிர் தாங்காத நாளுக்கு ஆர்க்டிகும் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் 172 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூடத்தில் பிள்ளைகள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடலாம். துருவ ஒளியைப் பார்க்க நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒருவர் வீட்டில் இருக்க ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், மறுநாள் மற்றவர்.

எப்போது போவது? நம்மவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்து டிசம்பரில் கிளம்புகிறார்கள். அப்போது அந்த ஊரில் சூரியன் இரண்டு மணி நேரம் சொச்சம் அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்க்கும், விலையோ உச்சத்தில் நிற்கும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மார்ச் நடுவில் போங்கள். பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் இருக்கும், குளிர் கொஞ்சம் இளகியிருக்கும், பனியோ முழங்காலுக்கு மேல் குவிந்து கிடக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை, பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்குழந்தைக்கும் தனித்தனியாக வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் ஆளுக்கு ஒன்று.

ரொவானியெமியிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் ரனுவா என்ற சிற்றூரில், பனிக்கரடிகள் உள்ள விலங்குக் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரு புல்க்காவுமாக அங்கே போய் வந்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)