இங்கிலீஷ் கற்றுக்கொடுத்த திவால்!

எனக்கு இங்கிலீஷ் வராது என்பதை முதன்முதலில் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தது ஒரு பாங்க் பரீட்சை. பி.காம். முடித்த கையோடு எழுதியது. கணக்கில் நல்ல மார்க். ரீஸனிங் பரவாயில்லை. இங்கிலீஷில் கட்-ஆஃபுக்கு இரண்டரை மார்க் கீழே.

“வார்த்தைகளைப் பெருக்கிக்கோப்பா” என்றார் கோச்சிங் சென்டர் ஸார். பிளாட்ஃபாரக் கடையில் ஐயாயிரம் வார்த்தைகள் அடங்கிய தலையணை சைஸ் புத்தகம் ஒன்றை வாங்கினேன். முதல் பக்கத்திலேயே ‘அபேஸ்’ என்று ஒரு வார்த்தை. நமக்கெல்லாம் அபேஸ் என்றால் பஸ்ஸில் பர்ஸ் போவது. புத்தகமோ ‘தாழ்த்துதல், சிறுமைப்படுத்துதல்’ என்றது. பர்ஸ் போனாலும் அதுதானே நடக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டு, தினம் இருபது வார்த்தை வீதம் உருப்போட்டேன். ‘டி’க்கு வந்து சேர்ந்தபோது ‘ஏ’ சுத்தமாக மறந்திருந்தது.

கடைசியில் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை. 2022-ல் இலங்கையில் நடந்த திவால்.

கொரோனா சமயத்தில் ஓர் ஆன்லைன் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் அறிமுகமானவர் அந்த அண்ணை. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறார். ஒரு கம்பெனியில் கணக்காளர். அப்போது ஐம்பத்திரண்டு வயது. 2022 மார்ச்சில் ஒருநாள் போன் செய்தால், பின்னணியில் ஒரே இரைச்சல்.

“காஸ் சிலிண்டருக்கு லைன்ல நிக்கிறன் தம்பி. விடிய நாலு மணிக்கு வந்தனான். எனக்கு முன்னால இருநூறு பேர்.”

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றால், அங்கே என்னதான் நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே? அன்றிலிருந்து தினம் ஒரு இங்கிலீஷ் பேப்பர், இலங்கைச் செய்திகள் மட்டும். புரியாத வார்த்தைகளை எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதல் வார்த்தை, ‘க்யூ’. அந்தப் பழைய ஜோக் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து எழுத்தில் முதல் எழுத்துக்கு மட்டும்தான் வேலை, மற்ற நான்கும் பின்னால் சும்மா நிற்கின்றன. அகராதியைப் புரட்டினால், பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘வால்’ என்று அர்த்தமாம். அண்ணை அன்றைக்கு அந்த வாலின் நுனியில் நின்றிருக்கிறார். சிலிண்டர் கிடைக்கவில்லை. அதே மாதம் மேல் மாகாணப் பள்ளிகளில் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். காரணம், கேள்வித்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்.

இரண்டாவது, ‘நெபோடிசம்’. உறவுக்காரர்களுக்குப் பதவி கொடுப்பது. பிறந்த இடம் இத்தாலி. அந்தக் காலப் போப்பாண்டவர்கள் சிலர் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்குப் பதவிகளை வாரி வழங்கியதில் வந்த சொல். அடியில் இருப்பது ‘உடன்பிறந்தார் மகன்’ என்ற வார்த்தைதான். உதாரணத்துக்கு அலையவே வேண்டாம். 2021-ல் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச. அண்ணன் மகிந்த, பிரதமர். தம்பி பசில், நிதி அமைச்சர். மூத்த அண்ணன் சமல், நீர்ப்பாசனம். அண்ணன் மகன் நாமல், விளையாட்டுத் துறை. ஒரு ரேஷன் கார்டையே மந்திரிசபையாக்கிய மாதிரி!

இந்தக் குடும்பம் செய்த காரியங்களிலும் எனக்குப் பாடம் இருந்தது. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். சாதாரணக் குமாஸ்தா கூட வரவு பாதியானால் செலவைப் பார்ப்பான். அரசாங்கம் பார்க்கவில்லை. அடுத்து கொரோனா வந்து டூரிஸ்ட்டுகளை நிறுத்தியது. 2021-ல் ரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை போட்டு, விளைச்சல் படுத்தபிறகு நவம்பரில் வாபஸ். கஜானாவில் டாலர் கரைந்துகொண்டிருக்க, 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் வெளிக்கடனைக் கௌரவமாகத் திருப்பியும் கொடுத்தார்கள். கௌரவத்துக்கு மிஞ்சியது க்யூ.

மூன்றாவது வார்த்தை, ‘டிஃபால்ட்’. செல்போனில் ‘டிஃபால்ட் செட்டிங்’ என்றால் கம்பெனி போட்டுக் கொடுத்தது. கடன் விவகாரத்தில், வாங்கியதைச் சொன்ன தேதியில் கட்டாமல் தவறுவது. ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிக்கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. மொத்த வெளிக்கடன் சுமார் 5,100 கோடி டாலர். மே முதல் வாரத்தில் நிதியமைச்சர் பார்லிமெண்டில் எழுந்து, கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலர்கூட இல்லை என்றார். மே 19 அன்று மத்திய வங்கி கவர்னர் இதற்கு ‘ப்ரீ-எம்ப்டிவ் டிஃபால்ட்’ என்று பெயர் வைத்தார். முன்கூட்டியே கையை விரிப்பது. வீட்டு வாடகை விஷயத்தில் நான் பல தடவை செய்திருக்கிறேன். இவ்வளவு அழகான பெயர் உண்டு என்று தெரியாமல் போயிற்று.

நான்காவது, ‘மொரட்டோரியம்’. இது நமக்கும் பழக்கமானதுதான். 2020-ல் ஈ.எம்.ஐ. கட்டவேண்டாம் என்று ஆறு மாதம் சலுகை தந்தார்களே, அது. தாமதப்படுத்துதல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கவனிக்கவும்: தாமதம்தான், தள்ளுபடி இல்லை. வட்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஜூலை 9-ல் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ஆம் தேதி கோத்தபய மாலத்தீவுக்குப் பறந்து, அங்கிருந்து சிங்கப்பூர் போய், ராஜினாமாவை ஈமெயிலில் அனுப்பினார். ‘ரெசிக்னேஷன்’ என்று குறித்துக்கொண்டேன். அகராதியில் இரண்டு அர்த்தம். ஒன்று ராஜினாமா. இன்னொன்று, வேறு வழியில்லை என்று தலையெழுத்தை ஏற்றுக்கொள்வது. முதல் அர்த்தம் தலைவர்களுக்கு, இரண்டாவது க்யூவில் நிற்பவர்களுக்கு என்று அதுவரை இருந்தது. அந்த ஜூலையில் க்யூவில் நின்றவர்கள் இரண்டாவதை மறுத்ததால்தான் முதலாவது நடந்தது.

அண்ணை அந்தக் கூட்டத்தில் இல்லை. “பெற்றோல் இல்லை தம்பி, எப்பிடிப் போறது?” என்றார். மாதக் கடைசியில் கியூஆர் கோடு திட்டம் வந்தபோது அவர் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லிட்டர். செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 69.8 சதவீதம் கூடுதல். அவர் சம்பளம் கூடியதா என்று கேட்டேன். சிரித்தார்.

என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு வார்த்தைகள். ஒன்று, ‘ஹேர்கட்’. சலூன் சமாசாரமில்லை. கொடுத்த கடனில் ஒரு பகுதியைக் கடன்காரர் விட்டுக்கொடுப்பது. 2024 டிசம்பரில் முடிந்த பேரத்தில் வெளிநாட்டுப் பத்திரக்காரர்களுக்கு அசலில் 27 சதவீதம் கத்திரித்தார்கள்.

அதற்கு முன்பே, 2023 ஜூலையில் வந்தது இன்னொரு வார்த்தை: ‘ஆப்டிமைசேஷன்’. உள்நாட்டுக் கடனை ‘உகந்தபடி’ அமைப்பது. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! விஷயம் இதுதான். நம்முடைய பி.எஃப்.புக்கு அங்கே ஊழியர் சேமலாப நிதி என்று பெயர். அந்தப் பணம் பெரும்பாலும் அரசாங்கப் பத்திரங்களில் இருக்கிறது. பழைய பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, நீண்டகாலப் புதுப் பத்திரங்களை வாங்கிக்கொள்ளவேண்டும். வட்டி சில வருஷம் 12 சதவீதம், அப்புறம் 9. மாட்டேன் என்றால் அந்த வருமானத்துக்கு வரி 14-க்குப் பதில் 30 சதவீதம். பாங்குகளின் பத்திரங்களைத் தொடவில்லை. தொட்டால் டெபாஸிட் போட்டவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றது அரசாங்கம். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பாங்குக்காகப் பேச ஆள் இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொடுத்த அண்ணைக்காக?

போன வருஷம் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்து, பணத்தை எடுத்துவிட்டார். இருபத்தேழு வருஷச் சேமிப்பு.

“ஊரில வீட்டைத் திருத்தி முடிக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். இப்ப கூரைக்கு மட்டும்தான் காணும்” என்றார். அழவில்லை, திட்டவில்லை. கணக்காளர் அல்லவா, மீதியை மட்டும் சொன்னார்.

இங்கிலீஷ் கற்க விரும்பும் தம்பிகளுக்கு என் சிபாரிசு: ஐயாயிரம் வார்த்தை வேண்டாம். ஒரே ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் விடாமல் படியுங்கள். நோட்டில் வார்த்தை, தேதி, அர்த்தம் என்று மூன்று கட்டம் போதாது. நான்காவதாக, ‘காசு யாருடையது?’ என்று ஒன்று போடுங்கள். அதை நிரப்பினால் ஜென்மத்துக்கும் மறக்காது. உங்கள் பி.எஃப். ஸ்டேட்மென்டும் கொஞ்சம் புரியும். (எனக்கு அந்தக் கவலை இல்லை. எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஏது பி.எஃப்.?)

அண்ணையிடம் இந்த நோட்டைப் பற்றிச் சொன்னபோது, “ஆப்டிமைசேஷனுக்குத் தமிழில என்ன எழுதினீங்கள்?” என்று கேட்டார்.

“அபேஸ்” என்றேன். அர்த்தத்தையும் சொன்னேன்.

“சீ, அப்பிடிச் சொல்லக்கூடாது தம்பி. முதல் இருக்குதெல்லோ” என்றார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “வேணுமெண்டால் பென்சிலால எழுதி வையுங்கோ” என்றார்.