குடிநீரும் நாட்டுக் காவலும்

நாட்டிற்குக் காவலாவன யாவை என வினவின், படையும் அரணும் போர்க்கலமும் என்பதே பலரும் கூறும் விடையாகும். அவை வேண்டுவனவே. ஆயினும், எல்லையில் வேற்றுப்படை புகாதிருக்கவும், ஊர்மக்கள் தம் வீட்டுக் குடத்து நீரையே பருகித் தலைமுறை தலைமுறையாக எலும்பின் வலிமை இழந்து வருவாராயின், அந்நாட்டைக் காவல் பெற்ற நாடு எனல் பொருந்துமோ? ஆசிய நாடுகளின் பாதுகாப்பு, எரிபொருள் வளம், மக்கள் நலவாழ்வு என்னும் மூன்றையும் அறிஞர் தனித்தனித் துறைகளாக வகுத்து ஆராய்வர். அம்மூன்றும் ஒரு குடம் நீரில் வந்து கூடுமாற்றை, யாம் பிறந்து வளர்ந்த பாரூர்ப் பகுதியை முன்னிறுத்தி ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பாரூர், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ளது. அதன் பேரேரிக்குத் தென்பெண்ணையாற்றின் நெடுங்கல் அணைக்கட்டினின்றும் கால்வாய் வழியே நீர் வருகின்றது. தென்பெண்ணையோ கர்நாடகத்து நந்திமலைப் பக்கம் தோன்றி, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து வருவது. பெங்களூர்ப் பெருநகரின் கழிவுநீர் கலத்தலால் கெலவரப்பள்ளியில் வெண்ணுரை குன்றுபோற் பொங்கியதை நாளிதழ்கள் பன்முறை படத்துடன் வெளியிட்டுள்ளன. ஆறும் ஏரியும் வயலுக்கு உதவின. குடிநீருக்கோ இம்மாவட்டத்து மக்கள் பெரும்பாலும் கிணற்றையே நம்பினர். கிணறு வற்றிய இடத்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டினர். கண்ணுக்குப் புலனாகாத இடர் ஆங்கே காத்திருந்தது.

அவ்விடர் புளோரைடு என்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் 2004ஆம் ஆண்டு வரை ஒரே மாவட்டமாய் இருந்தவை. கடினப் பாறையின்மேல் அமைந்தவை. அப்பாறையிலுள்ள கனிமங்கள் சிலவற்றுள் புளோரின் என்னும் தனிமம் அடங்கியுள்ளது. மழைநீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்குங்கால், அக்கனிமங்கள் சிறிது சிறிதாய்க் கரைய, புளோரைடு நீரிற் கலக்கின்றது. நீரில் கால்சியம் மிக்கிருப்பின் அது புளோரைடைப் பற்றிப் படியச் செய்யும். கால்சியம் குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரிலோ அது தடையின்றிப் பெருகும். கிணறு ஆழ ஆழ, பாறையொடு நெடுநாட் பழகிய நீரே பெரும்பாலும் மேலேறுகின்றது. இதற்கு நிறமில்லை; மணமில்லை; சுவையில்லை. காய்ச்சினாலும் நீங்காது; காய்ச்சுதலால் நீர் சுண்டுமேயன்றிப் புளோரைடு குறையாது.

ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிறுவனம் 1 மில்லிகிராமையே ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு நீர் கிடையாத இடத்து மட்டும் 1.5 வரை இசைகின்றது. வெப்பம் மிக்க நம் நாட்டில் உழவரும் கூலித்தொழிலாளரும் பருகும் நீர் மிகுதியாதலின் இக்கட்டுப்பாடு பொருத்தமே. இந்நோய் இந்தியாவில் உண்டு என்பது முதன்முதல் வெளிப்பட்டதும் நம் பழைய சென்னை மாகாணத்திலேதான். 1937ஆம் ஆண்டில் கிண்டி கிங் நிலையத்தைச் சார்ந்த ஷார்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் நெல்லூர் மாவட்டத்து மக்களை ஆராய்ந்து இதனை எழுதி வெளியிட்டனர். நோய் அறியப்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி நோயின் இயல்பைக் காண்போம். குழந்தைக்கு எட்டு வயது வரையில் நிலைப்பற்களின் மேற்பூச்சு உருவாகின்றது. அக்காலத்தில் புளோரைடு மிகுந்த நீர் பருகின், பல்லில் முதலில் வெண்புள்ளி தோன்றும்; மிகுந்த நிலையில் மஞ்சட்கறை, பழுப்புக்கறை, குழிவு ஆகியன வரும். பல்லாண்டுகள் தொடர்ந்து பருகுவார்க்கு எலும்பும் மூட்டும் இறுகும். முற்றிய நிலையில் முதுகு வளையாது, கழுத்துத் திரும்பாது. பாலும் காயும் கனியும் நிரம்ப உண்பாரினும் வறியாரையே இது மிக வருத்தும். பல்லின் கறையைத் தூய்மையின்மை என்றும் வெற்றிலைப் பழக்கம் என்றும் பிறர் இகழ்தலும் உண்டு. எம் பகுதி இளைஞருட் சிலர் சிரிக்குங்கால் கையால் வாயை மறைப்பர். அதனை நாணமென்று அயலூரார் கருதுவர். மறைக்கப்படுவது கறையே என்பதை உடன் பயில்வார் அறிவர். தோன்றிய கறையையும் இறுகிய மூட்டையும் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து இல்லை. ஆதலின் இது மருத்துவர் கையினும் ஆட்சியாளர் கையிலேயே மிகுதியும் தங்கிய நோயாகும்.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் அனுராதபுரத்தைச் சூழ்ந்த வறண்ட பகுதியிலும் கிணற்றுநீரில் புளோரைடு மிக்குள்ளது. சீனத்தின் குவெய்சோ மாகாணத்திலோ இதே நோய் வேறு வாயில் வழியே நுழைந்தது. குளிர் மிக்க அம்மலைநாட்டார், புளோரைடு செறிந்த களிமண்ணைக் கரியொடு பிசைந்து, புகைபோக்கியில்லா அடுப்பில் எரித்து, அவ்வனலின்மேல் மக்காச்சோளத்தையும் மிளகாயையும் உலர்த்தினர். புகையிலிருந்த நஞ்சு உணவிற் படிந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது. புகைபோக்கியுடைய அடுப்புகளைச் சீன அரசு பரப்பிய பின்னரே நோய் தணியலாயிற்று. அங்கே எரிபொருளைப் பற்றிய முடிவே மருந்தாயிற்று.

நம் நாட்டிலும் தீர்வு நாடப்படாமலில்லை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் நல்கொண்டா முறை என்பதனை வகுத்தது. நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் உரிய அளவிற் கலந்து கலக்கித் தெளியவைத்து இறுத்தலே அம்முறை. எளியதே, ஆயினும் நாள்தோறும் அளவு பிழையாமல் செய்தல் வேண்டும், எஞ்சும் சேற்றையும் அகற்றல் வேண்டும். விடியுமுன் வயலுக்குச் செல்லும் குடும்பத்தார் இதனை ஆண்டு முழுதும் செய்வர் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்? ஆகவே புளோரைடு குறைந்த ஆற்றுநீரை ஊர்தோறும் கொணர்தலே உறுதியான வழியெனத் தெளியப்பட்டது. அங்ஙனம் எழுந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்.

காவிரி இரு மாநிலங்களின் எல்லையில் ஓடுவது. எனவே குடிக்கும் நீருக்கும் அயலாரின் இசைவு தேவையாயிற்று. 1998ஆம் ஆண்டில் நடுவணரசின் முன்னிலையில், பெங்களூரின் குடிநீர்த் திட்டத்திற்குத் தமிழ்நாடும், ஒகேனக்கல் திட்டத்திற்குக் கர்நாடகமும் இசைந்தன. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. உடனே எல்லைக்கப்பால் எதிர்ப்பு மூண்டது. இரு பக்கத்தும் கிளர்ச்சி பரவியது. அவ்வாண்டு ஏப்ரலில், கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். பின்னர் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு பணி தொடர்ந்து, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து, 2013 மே திங்களில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இரு மாவட்டத்து நகரங்களுக்கும் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட சிற்றூர்களுக்கும் நீர் தருதல் அதன் நோக்கம். நம் குழந்தைகளின் பல்லைக் காக்கக் கிழக்காசிய நாடொன்று கடன் தந்தது; அயல் மாநிலத்தின் இசைவும் வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

எரிபொருள் இங்கே புகுவது எவ்வாறு? ஒகேனக்கல் காவிரிப் பள்ளத்தில் உள்ளது. ஒசூரோ கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநிலம். தாழ்விடத்து நீரைப் படிப்படியாக மேலேற்றுவது மின்விசையே. அது தளரின் குழாய் வறளும். தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரி ஒடிசாவினின்றும் வருகின்றது. இந்தோனேசியாவினின்றும் கப்பலேறி வருகின்றது. ஆகவே கடல்வழி அமைதியாயிருத்தலும் நிலக்கரி விலை நிலையாயிருத்தலும் போச்சம்பள்ளித் தெருக்குழாயோடு தொடர்புடையனவே. ஞாயிற்றின் ஒளியும் காற்றும் தரும் மின்விசையை நீரேற்றத்திற்கு மிகுதியும் பயன்படுத்துவோமாயின் இத்தளை சிறிது தளரும். மேலும் ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஊர்தித் தொழிற்சாலைகள் பெருகி, தொழிலாளர் திரளாக வந்து குடியேறுதலின், நீரின் தேவை ஆண்டுதோறும் ஏறுகின்றது.

குழாய் வறண்ட நாளில் நடப்பது யாது? மக்கள் பழைய ஆழ்குழாய்க் கிணற்றிற்கே திரும்புவர். நோயும் உடன் திரும்பும். இதனால் மூன்று கடமைகள் தோன்றுகின்றன. ஊர்தோறும் கிணற்றுநீரை ஆண்டுதோறும் ஆய்ந்து, அளவைக் கிணற்றருகே எல்லாரும் படிக்குமாறு தமிழில் எழுதிவைத்தல் முதலாவது. மழைநீரைச் சேமித்தும் ஏரிகளைத் தூர்வாரியும் நிலத்தடி நீரின் செறிவைக் குறைத்தல் இரண்டாவது. அண்டை மாநிலத்தாரோடு குடிநீரைப் பற்றிய பேச்சைத் தேர்தற் பூசலினின்றும் பிரித்துவைத்தல் மூன்றாவது.

இம்மூன்றாவதே அரிது. சிந்துநதி உடன்படிக்கை 1960இல் எழுந்து, இரு நாடுகளின் போர்களையும் தாங்கி நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதனை நிறுத்திவைத்தது. மேக்காங் ஆற்றுக்கு 1995இல் நான்கு நாடுகள் ஆணையம் கண்டன. ஆற்றின் தலைப்பிலுள்ள சீனம் அதில் முழு உறுப்பாக இல்லை. இவற்றை நோக்க, ஒரே அரசியற் சட்டத்தின்கீழ் வாழும் நமக்கு வழி எளிது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் பெங்களூர் மக்களின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கிற்று. தமிழ்நாட்டின் பங்கு அதனாற் குறைந்தது. குறைந்தமை கருதி நாம் வருந்தலாம். ஆனால் தாகத்திற்கு முதலிடம் என்னும் அந்நெறி நம் குழந்தைகளுக்கும் அரணாகும். பெங்களூரின் தாகத்தை நாம் மதித்தால், பாரூரின் தாகத்தை அவர் மதிக்க வேண்டுமெனக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அங்ஙனமே, தென்பெண்ணையைத் தூய்மையாக விடுமாறு கேட்கும் உரிமையும் உண்டு.

கற்றோராகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுளது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் ஊர்க் கிணற்றுநீரில் புளோரைடு எவ்வளவு என்பதை ஆய்வித்து அறிந்து, அதனை ஊராருக்குத் தாய்மொழியில் எடுத்துரைப்பாராக. அறியாத நஞ்சைத் தவிர்த்தல் எவர்க்கும் இயலாது. இனிப் பிறக்கும் குழவிகளேனும் வாய் மறையாது நகைத்து வளர்வார்களாக.