விளிம்புச் சீராக்கம்

விளிம்புச் சீராக்கம் என்பது ஒளிப்படத் தொகுப்பு மென்பொருள்களில் ஓர் உருவத்தைப் பின்புலத்திலிருந்து பிரித்தெடுக்கும்போது, தெரிவின் எல்லையைத் திருத்தும் செயல்முறை ஆகும். அடோபி ஃபோட்டோஷாப்பில் இதற்கான தனிப் பெட்டி சிஎஸ்3 பதிப்பில் (2007) அறிமுகமானது. முடி போன்ற நுண்ணிய விளிம்புகளைக் கண்டறியும் வசதி சிஎஸ்5 பதிப்பில் (2010) சேர்க்கப்பட்டது. 2016 இல் இவை செலக்ட் அண்ட் மாஸ்க் என்னும் பணியிடத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. கட்டற்ற மென்பொருளான கிம்ப்பில் முன்புலத் தெரிவுக் கருவி இத்தகைய பணியைச் செய்கிறது.

அடிப்படை

ஒளிப்படத்தில் விளிம்பு என்பது ஒரு கோடு அன்று. இரு பொருள்களின் நிறங்களும் கலந்த படவணுக்களால் ஆன ஒரு குறுகிய பட்டை. ஒரு படவணுவில் முன்புலப் பொருளின் பங்கு ஆல்ஃபா எனப்படும். இது 0 முதல் 1 வரையிலான மதிப்பைப் பெறும்.

படவணுவின் மதிப்பு = ஆல்ஃபா × முன்புலம் + (1 − ஆல்ஃபா) × பின்புலம்

எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊரான மரக்காணத்தில் பரந்த உப்பளங்கள் உள்ளன. பனையோலையால் மூடப்பட்ட ஓர் உப்புக் குவியலை வெளிறிய வானத்தின் முன் படம்பிடித்ததாகக் கொள்வோம். அப்படத்தில் இருவகை விளிம்புகள் இருக்கும்.

முதலாவது, ஓலை நுனிகள். ஓலையின் ஒளிர்வு 40, வானத்தின் ஒளிர்வு 200, ஆல்ஃபா 0.25 எனில், நுனியிலுள்ள படவணுவின் மதிப்பு 10 + 150 = 160 ஆகும். இவ்வுருவத்தை ஒளிர்வு 60 உடைய இருண்ட பின்புலத்தில் வைத்தால், அங்கு இருக்கவேண்டிய மதிப்பு 10 + 45 = 55. ஆல்ஃபாவை மட்டும் சரியாகக் கணித்து, பழைய நிறமான 160 ஐ அப்படியே பயன்படுத்தினால் 40 + 45 = 85 கிடைக்கும். ஓலையைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தோன்றுவதற்கு இதுவே காரணம். நிறக்கலப்பு நீக்கம் என்னும் தெரிவு 160 க்குப் பதிலாக ஓலையின் நிறமான 40 ஐ மதிப்பிட்டு இடுகிறது.

இரண்டாவது, மூடப்படாத உப்புச் சரிவு. இங்கு உப்பும் வானமும் ஏறத்தாழ ஒரே வெண்மை கொண்டவை. நிற வேறுபாட்டைக் கொண்டே மென்பொருள் எல்லையைத் தேடுவதால், இவ்விடத்தில் அது எளிதில் தவறும். எல்லையைப் பேனா கருவியால் கையால் வரைவதே நம்பகமான வழி.

முக்கிய அமைப்புகள்

ஆரம்: கலப்புப் பட்டையின் அகலம். ஓலைக்கு மிகுதியாகவும் உப்புச் சரிவுக்குக் குறைவாகவும் தேவை.
வழவழப்பு: மேடுபள்ளங்களைச் சமன் செய்யும். மிகுந்தால் ஓலை நுனிகள் மறையும்.
ஃபெதர்: எல்லையை மங்கலாக்கும்.
மாறுபாடு: மங்கிய எல்லையைக் கூர்மையாக்கும்.
விளிம்பு நகர்த்தல்: எல்லையை உள்ளே அல்லது வெளியே தள்ளும்.

கவனிக்க வேண்டியவை

படம் முழுவதற்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. விளிம்பின் தன்மைக்கேற்பப் பகுதி பகுதியாகத் திருத்துதல் வேண்டும். நிறக்கலப்பு நீக்கம் படவணுக்களின் நிறத்தையே மாற்றுவதால், மூலப்படத்தைத் தனி அடுக்கில் வைத்திருத்தல் நன்று. விளிம்பை அளவுக்கு மீறி உள்ளே நகர்த்தினால் குவியலின் அளவும் வடிவமும் மாறிவிடும். விளம்பரப் படத்தில் இது சிறு குறை. ஓர் இடத்தையோ தொழிலையோ ஆவணப்படுத்தும் படத்தில் இது தகவற்பிழை ஆகும்.